பகைக்கப்பட்ட தலைவரின் இறப்பும் ‘கட்டற்ற உணர்ச்சி’யும்: மார்கரெட் தாட்சர் மறைவை (2013) முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானிய முன்னாள் தலைமையமைச்சர் மார்கரெட் தாட்சர் 2013 ஏப்ரல் 8 அன்று காலமானபோது அந்நாட்டின் சில பகுதிகளில் வெளிப்பட்ட மகிழ்ச்சியும் சினமும் கட்டற்ற உணர்ச்சி என்று இகழப்பட்டன. தெற்கு யார்க்சயரிலுள்ள கோல்ட்தோர்ப் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் நடந்த போலி இறுதி ஊர்வலத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு, அவ்வுணர்ச்சி மரபும் வடிவும் நெடிய நினைவும் உடையது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அதனை வரலாற்றுச் சான்றாக எந்த அளவில் ஏற்கலாம் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உணர்ச்சி வரலாறு, தாட்சர், சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், கொடும்பாவி, மெய்ப்பாடு, வெகுளி.

முன்னுரை

இறந்தோரைப் பற்றித் தீது பேசலாகாது என்னும் நெறி ஐரோப்பிய மரபில் மிகப் பழமையானது. கி.மு. ஆறாம் நூற்றாண்டினரான ஸ்பார்ட்டா நாட்டுக் கைலோனின் கூற்றாக அதனை டயோஜெனஸ் லயெர்ட்டியஸ் பதிவு செய்துள்ளார். நெறியின் பழமைக்கு அதன் மீறலின் பழமை சற்றும் குறைந்ததன்று. கி.பி. 37இல் பேரரசர் திபேரியஸ் இறந்த செய்தி கேட்ட ரோம் நகர மக்கள், அவர் உடலை டைபர் ஆற்றில் எறியுமாறு கூவினர் எனச் சூட்டோனியஸ் எழுதுகிறார். 1715இல் பதினான்காம் லூயியின் உடல் செயின்ட் தெனி தேவாலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழியில் மக்கள் கூடாரம் அமைத்துக் குடித்தும் பாடியும் சிரித்தும் இருந்ததை வால்டேர் குறித்துள்ளார்.

இத்தகைய நிகழ்வுகளை விளக்க இருவகைப் போக்குகள் உண்டு. ஒன்று, அவற்றைப் பண்பாடின்மை எனக் கண்டிப்பது. மற்றொன்று, அடக்கிவைத்த உணர்ச்சி வெடித்துச் சிதறியது என உளவியல் நோக்கில் பொறுத்துக்கொள்வது. கண்டிப்பவரும் பொறுப்பவரும் ஓரிடத்தில் உடன்படுகின்றனர்: அவ்வுணர்ச்சிக்குச் சொல்வதற்கென்று எதுவும் இல்லை என்பதே அவ்விடம். வரலாற்றாய்வாளர் அவ்வாறு கடந்துசெல்ல இயலுமா என்பதே இங்கு எழும் வினா. அண்மைக்காலத்தில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடம் 2013இன் பிரித்தானியா.

பத்து நாள்கள்

1979 மே முதல் 1990 நவம்பர் வரை ஆட்சி செய்த தாட்சர், பக்கவாதத்தால் இலண்டன் ரிட்ஸ் விடுதியில் தமது 87ஆம் வயதில் மறைந்தார். அன்று மாலையே கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்திலும் இலண்டன் பிரிக்ஸ்டன் பகுதியிலும் மக்கள் கூடி ஆடிப்பாடினர். பெல்பாஸ்ட், டெரி ஆகிய வட அயர்லாந்து நகரங்களிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1981 உண்ணாநிலைப் போராட்டத்தில் சிறையில் உயிர்நீத்த பதின்மரின் நினைவு அங்கு மங்கவில்லை. ஆயினும் அயர்லாந்துக் குடியரசுப் படையின் முன்னாள் தளபதியும் அப்போதைய துணை முதலமைச்சருமான மார்ட்டின் மெக்கின்னஸ், அந்த இறப்பைக் கொண்டாட வேண்டாம் என்று தம்மவரைக் கேட்டுக்கொண்டார். பகையின் ஆழத்துக்கும் அதன் வெளிப்பாட்டுக்கும் நேர்விகித உறவு இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஏப்ரல் 10 அன்று நாடாளுமன்றம் விடுமுறையிலிருந்து மீட்டழைக்கப்பட்டது. ஏழு மணி நேரத்துக்கும் மேலாக நீண்ட புகழுரைகளுக்கிடையே தொழிற்கட்சி உறுப்பினர் கிளெண்டா ஜாக்சன், தாட்சர் ஆட்சியால் மக்கள் வாழ்வுக்கு நேர்ந்த கேடுகளை எடுத்துரைத்தார். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கூச்சலிட்டனர். அவை மரபு மீறப்பட்டதாக முறையீடும் எழுந்தது. அவர் உரையில் அவை மரபுக்கு மாறானது எதுவும் இல்லை என்று அவைத்தலைவர் ஜான் பெர்கோ தீர்ப்பளித்தார். அதே வாரத்தில், 1939ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றில் சூனியக்காரி இறந்ததை மகிழ்ந்து பாடும் பாடலைப் பலர் திட்டமிட்டு விலைகொடுத்துப் பதிவிறக்க, அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டியது. பிபிசி வானொலி அப்பாடலை முழுமையாக ஒலிபரப்பாமல், செய்தி விளக்கத்துக்கு நடுவே ஏறத்தாழ ஐந்து நொடிகள் மட்டும் ஒலிக்கச் செய்தது. ஒலிபரப்பினும் குற்றம், விடுப்பினும் குற்றம் என்னும் நிலையில் அந்நிறுவனம் கண்ட அவ்வளவுமுறை, அதிகாரப்பூர்வ துக்கத்தின் எல்லை எங்கே வரையப்பட்டது என்பதைத் துல்லியமாகக் காட்டுகிறது.

ஏப்ரல் 17 அன்று தூய பவுல் பேராலயத்தில் படைத்துறை மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. அரசியார் நேரில் கலந்துகொண்டார். தலைமையமைச்சர் ஒருவரின் இறுதிச் சடங்கில் அவர் பங்கேற்றது 1965இல் சர்ச்சிலுக்குப் பின் அதுவே முதன்முறை. பிக் பென் மணி ஒலிக்காது நிறுத்தப்பட்டது. பேழையைச் சுமந்தவர்கள் 1982 பாக்லாந்துப் போருடன் தொடர்புடைய படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். லட்கேட் சந்திப்பில் சிலர் ஊர்வலத்துக்கு முதுகு காட்டி நின்றனர். இலண்டன் ஆயர் ரிச்சர்டு சார்ட்ரஸ் தமது அருளுரையில், அரசியல் வாதங்களுக்கு அது இடமன்று என்றும், ஒரு கொள்கையின் பெயராகவே மாறிவிட்ட அவர் இப்போது எல்லா மனிதரையும் போல இறப்புக்கு ஆட்பட்டவர் என்றும் குறிப்பிட்டார். மனிதநேயம் மிக்க உரை அது. ஆயின் பீரங்கி வண்டியில் கொண்டுவரப்பட்டு, போர்வெற்றியின் நினைவுச் சின்னங்கள் சூழ வைக்கப்பட்ட பேழையின் முன் அரசியலுக்கு இடமில்லை என்று கூறப்பட்டது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

கோல்ட்தோர்ப்

அதே நாளில், இலண்டனுக்கு வடக்கே பார்ன்ஸ்லி நகராட்சிக்கு உட்பட்ட கோல்ட்தோர்ப்பில் மற்றோர் இறுதி ஊர்வலம் நடந்தது. தாட்சரின் உருவப்பொம்மை வைத்த பேழையைக் குதிரை வண்டியில் ஏற்றி ஊர்த்தெருக்களில் நூற்றுக்கணக்கானோர் உடன்செல்ல இழுத்துச்சென்று, இறுதியில் வெற்றிடம் ஒன்றில் தீயிட்டனர். பேழையின் பக்கத்தில் மலர்களால் எழுதப்பட்டிருந்த சொல் ‘கருங்காலி’ என்னும் பொருளுடையது. வேலைநிறுத்தத்தை முறித்துப் பணிக்குச் செல்லும் தொழிலாளியைக் குறிக்கும் சொல் அது. தலைமையமைச்சர் ஒருவருக்கு அச்சொல் நேர்ப்பொருளில் பொருந்தாது. சுரங்க ஊர்களின் அகராதியில் அதனினும் இழிந்த சொல் இல்லை என்பதாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். வெளியாரின் வசைச்சொல்லை நாடாது தம் சமூகத்தின் உள்ளிருந்தே வசையை எடுத்தனர் என்பது கருதத்தக்கது.

இவ்வூரின் வரலாறு சுருக்கமாகவேனும் அறியப்பட வேண்டும். 1984 மார்ச் 1 அன்று அருகிலுள்ள கார்ட்டன்வுட் சுரங்கம் மூடப்படும் என்ற அறிவிப்பே யார்க்சயரில் வேலைநிறுத்தத்தைத் தூண்டியது. ஓராண்டு நீண்ட அப்போராட்டத்தில் 11,000க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். 1984 ஜூன் 18 அன்று ஆர்கிரீவ் கற்கரி ஆலை முன் காவல்துறை குதிரைப்படை தாக்கியது. அந்நிகழ்வில் கலகம் முதலிய குற்றங்கள் சாட்டப்பட்ட 95 பேர் மீதான வழக்கு, காவலர் சாட்சியங்கள் நம்பத்தகாதவையாகவே மறு ஆண்டில் வீழ்ந்தது. 1991இல் தெற்கு யார்க்சயர் காவல்துறை 39 சுரங்கத் தொழிலாளர்க்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 1984 ஜூலையில் தாட்சர் தம் கட்சி உறுப்பினர்களிடையே பேசுகையில், பாக்லாந்தில் வெளிப்பகையை வென்றதை நினைவூட்டி, போராட்டத்தின் தலைமையை உட்பகை என்று குறித்தார். 2013இன் இரு ஊர்வலங்களும் இவ்வுரையின் இரு பாதிகள் எனலாம். இலண்டனில் வெளிப்பகை வெல்லப்பட்டது நினைவுகூரப்பட்டது. உட்பகை எனப்பட்டோர் கோல்ட்தோர்ப்பில் தம் பாதியை நிறைவு செய்தனர்.

அவ்வூருக்கெனத் தனி இழப்பொன்றும் உண்டு. 1984 நவம்பரில், குளிர்காய நிலக்கரி இல்லாத நாள்களில், பதினைந்து வயதுக்கு மேற்படாத சகோதரர் இருவர் கரைமேட்டைத் தோண்டிக் கரித்துண்டு பொறுக்குகையில் மண் சரிந்து உயிரிழந்தனர். நிலக்கரிக்கு மேல் வாழ்ந்த ஊரில் நிலக்கரி பொறுக்கச் சென்ற பிள்ளைகள் மாண்டனர். பின்னர் 1994இல் கோல்ட்தோர்ப் சுரங்கமும் மூடப்பட்டது. பேழையைத் தொடர்ந்து சென்றோரின் முகங்களை நாளிதழ் ஒளிப்படங்களில் கண்டு ‘வெறிக்கூட்டம்’ என எழுதியோர் இவ்வரலாற்றைப் பெரும்பாலும் எழுதவில்லை.

உணர்ச்சி நீரன்று

உணர்ச்சி வரலாறு என்னும் ஆய்வுத்துறை இவ்விடத்தில் துணைபுரிகிறது. பார்பரா ரோசன்வைன் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், உணர்ச்சியை மனிதருள் தேங்கிப் பொங்கி வழியும் நீர்மமாகக் கருதும் பழைய கருத்தை மறுத்தார். மதிப்பீடும் தீர்ப்பும் உணர்ச்சியின் பகுதிகள் என்றும், ஒரே காலத்தில் ஒரே நாட்டில் வெவ்வேறு ‘உணர்ச்சிச் சமூகங்கள்’ வாழ்கின்றன என்றும் அவர் வாதிட்டார். வில்லியம் ரெட்டி 2001இல் எழுதிய நூலில், ஒவ்வோர் அரசும் எவ்வுணர்ச்சி எப்போது வெளிப்பட வேண்டும் என்று விதிக்கும் ஓர் ஒழுங்கைத் தாங்கி நிற்கிறது என்று காட்டினார். இவ்விரு கருத்துகளின் ஒளியில், தூய பவுல் பேராலயத்திலும் கோல்ட்தோர்ப்பிலும் நிகழ்ந்தவை ஒரே வகைச் செயல்களாகவே தோன்றுகின்றன. இரண்டும் சடங்குகள், இரண்டும் ஊர்வலம், பேழை, மலர், இடம், நேரம் ஆகியவற்றால் அமைந்தவை. ஒன்று அடக்கம் என்றும் மற்றொன்று கட்டின்மை என்றும் பெயர் பெற்றமைக்குக் காரணம் அரசின் ஆதரவு ஒன்றன்பால் மட்டும் நின்றமையே.

தமிழ்ப் பொருளிலக்கண மரபும் இதனை விளங்கிக்கொள்ள உதவும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளி தோன்றும் நிலைக்களன்களாக உறுப்பறுத்தல், குடிகோள், அலைத்தல், கொலை என்னும் நான்கையும் சுட்டுகிறது. உணர்ச்சிக்குக் களன் உண்டு, காரணமற்ற வெகுளி மெய்ப்பாடாகாது என்பது இதன் உட்கிடை. குடிக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்தல் என்னும் பொருளில் உரை கொள்ளப்படும் குடிகோள், சுரங்கம் மூடப்பட்டுப் பிழைப்பும் உறவும் குலைந்த ஊர்களின் நிலைக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. உவகைக்குரிய களன்களாக அவ்வியல் கூறுபவை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. பகைவர் இறப்பு அவற்றுள் இல்லை. நகைக்குரிய களன்களில் முதலாவது எள்ளல். ஆதலின் கோல்ட்தோர்ப்பில் கண்டது உவகையன்று. எள்ளலை மேற்போர்வையாகக் கொண்ட வெகுளி என்று வகைப்படுத்துவதே தகும். கொண்டாட்டம் என்று நாளிதழ்கள் இட்ட பெயர் இவ்வகையில் பிழைபட்டது.

கொடும்பாவியின் ஆங்கில மரபு

உருவப்பொம்மையை இழுத்துச்சென்று எரித்தலைத் தமிழர் கொடும்பாவி என்பர். மழை பொய்த்த காலத்துச் சடங்காகவும் பின்னர் அரசியல் எதிர்ப்பின் வடிவாகவும் அது இங்கு வழங்கிவருகிறது. ஆங்கில நாட்டிலும் அதற்கு நீண்ட வழக்காறு உண்டு. 1605 வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்டதன் நினைவாக நவம்பர் 5 நன்றிநாளாக நாடாளுமன்றச் சட்டத்தால் விதிக்கப்பட்டு, 1859 வரை அச்சட்டம் நடப்பில் இருந்தது. கொல்லப்பட்ட எதிரியின் பொம்மையை ஆண்டுதோறும் எரிக்கும் வழக்கம் அதனை ஒட்டியே பரவி, இன்றளவும் குழந்தைகள் கண்டுகளிக்கும் விழாவாக நிலைபெற்றது. ஊரார் வெறுக்கும் ஒருவர் வீட்டு முன் தகரமும் சட்டியும் கொட்டி, பொம்மை சுமந்து அவமதிக்கும் வழக்காற்றை ஈ.பி. தாம்சன் 1972இல் விரிவாக ஆராய்ந்தார். அதில் ஈடுபட்டோர் கூச்சலிட்டனரேனும் ஒழுங்கின்றி இயங்கவில்லை என்பதே அவர் கண்ட முடிபு.

அரசும் இம்மரபுக்குப் புறம்பானதன்று. 1658இல் இறந்த ஆலிவர் குரோம்வெல்லுக்கு மன்னர்க்குரிய சிறப்புடன் இறுதிச் சடங்கு நடந்தது. அங்கு அழுதவை நாய்கள் மட்டுமே என்னும் பொருள்பட ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதினார். முடியாட்சி மீண்டபின், 1661 ஜனவரி 30 அன்று, அதே உடல் தோண்டியெடுக்கப்பட்டு டைபர்னில் தூக்கிலிடப்பட்டது. நாடாளுமன்ற ஆணையின்படி பிணத்தைத் தூக்கிலிட்டதை வரலாற்று நூல்கள் ‘தண்டனை’ என்கின்றன. பொம்மையை எரித்த ஊராரின் செயல் ‘வெறி’ எனப்படுகிறது.

தாட்சர் நிகழ்வுக்கு மிக நெருங்கிய முன்னோடி காசில்ரே பிரபு. 1819 ஆகஸ்டில் மான்செஸ்டர் பீட்டர்லூ திடலில் மக்கள் வெட்டப்பட்டதற்குப் பின் கொணரப்பட்ட அடக்குமுறைச் சட்டங்களின் முகமாக அவர் விளங்கினார். 1822 ஆகஸ்ட் 12 அன்று தற்கொலை செய்துகொண்டார். அவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துள் கொண்டுசெல்லப்பட்டபோது வாயிலில் நின்ற கூட்டத்தில் ஒரு பகுதியினர் ஆரவாரம் செய்தனர். காசில்ரே ஐரோப்பிய அரசுகளிடையே அமைதியை நிறுவிய பேரறிஞர் எனப் பின்வந்த அரசுறவு வரலாற்றாசிரியர் பலர் மதித்தனர். அம்மதிப்பீட்டில் நியாயம் உண்டு. ஆயினும் வாயிலில் எழுந்த ஆரவாரத்தை நீக்கிவிட்டு எழுதப்படும் 1822இன் வரலாறு குறையுடையதாகவே இருக்கும்.

சான்றின் எல்லைகள்

இவ்வுணர்ச்சிக்கு வடிவமும் காரணமும் உண்டு என்பதால் அதன் கூற்றுகள் அனைத்தும் மெய்யாகிவிடா. முதலாவதாக, சினம் தனக்கு உகந்த ஒரு முகத்தைத் தேர்ந்துகொள்கிறது. 1964–70 காலத்து ஹரால்டு வில்சனின் தொழிற்கட்சி ஆட்சியில் இருநூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர் பொம்மையை எவரும் எரிக்கவில்லை. அப்போது வேறு வேலை கிடைத்தது, மூடல் பேச்சுவார்த்தையின் வழி நடந்தது என்பன தக்க விளக்கங்களே. எனினும் எண்ணிக்கையைச் சினம் கணக்கில் கொள்வதில்லை என்பது இதனால் புலனாகும்.

இரண்டாவதாக, சுரங்கத் தொழிலாளர் ஒருமுகமாக நிற்கவில்லை. நாடளாவிய வாக்கெடுப்பு நடத்தப்படாததைக் காட்டி நாட்டிங்காம்சயர் தொழிலாளரில் பெரும்பான்மையோர் பணிக்குச் சென்றனர். 1985இல் தனிச் சங்கமும் கண்டனர். அவர்தம் சுரங்கங்களும் பின்னர் மூடப்பட்டன. 1984 நவம்பரில் தெற்கு வேல்சில், பணிக்குச் செல்லும் தொழிலாளி ஒருவரை ஏற்றிச்சென்ற வாடகைக் கார் ஓட்டுநர், போராட்டக்காரர் இருவர் பாலத்திலிருந்து தள்ளிய கற்காரைக் கட்டியால் கொல்லப்பட்டார். குடிகோள் என்று வெகுண்டோர் தரப்பிலும் கொலை நிகழ்ந்தது. பேழையின் பக்கத்தில் மலரால் எழுதப்பட்ட அந்த ஒரு சொல் இவை அனைத்தையும் மறைத்துவிடுகிறது.

மூன்றாவது, பாலினம் சார்ந்தது. காசில்ரேயைக் கொலையாளி என்றனர்; குரோம்வெல்லைத் துரோகி என்றனர். தாட்சர் சூனியக்காரி ஆனார். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் பெண்களைத் தூக்குமேடைக்கு அனுப்பிய சொல்லை, அவர் ஆட்சியால் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயராலும் பாடியமை, உணர்ச்சியின் வடிவங்கள் மரபிலிருந்து வரும்போது மரபின் இழிவையும் உடன்கொணர்வதைக் காட்டுகிறது. பொதுச் சதுக்கங்களில் ஆடியோருட் பலர் 1990க்குப் பின் பிறந்தோர் என்பதும் அன்றே எள்ளலுக்கு உள்ளாயிற்று. இவ்விமர்சனம் அத்துணை வலுவுடையதன்று. சர்ச்சிலுக்குப் புகழ்மாலை சூட்டுவோர் அனைவரும் 1940இல் வாழ்ந்தவரா என்று எவரும் வினவுவதில்லை.

மறுபுறத்தில், 1980 வீட்டுவசதிச் சட்டத்தால் தாம் குடியிருந்த நகராட்சி வீட்டுக்கே உரிமையாளரான குடும்பங்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. இலண்டன் தெருக்களில் கைதட்டி விடைகொடுத்தோரின் நன்றியுணர்வும் கோல்ட்தோர்ப்பின் சினம் போன்றே வாழ்வனுபவத்தில் வேர்கொண்டது.

1983 செப்டம்பர் குறிப்பு

வேலைநிறுத்தம் முழுவதும் இரு எண்கள் மோதிக்கொண்டிருந்தன. நிலக்கரி வாரியத் தலைவர் இயன் மெக்கிரிகரும் அரசும் 20 சுரங்கங்களே மூடப்படும் என்றனர். சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் 70க்கு மேல் மூடத் திட்டம் உள்ளது என்றார். வீடுதோறும் அனுப்பிய மடலில் மெக்கிரிகர் அதனைப் பொய் என மறுத்தார். ஊடகங்களிற் பெரும்பாலானவை ஸ்கார்கிலின் எண்ணை மிகைக்கூற்றாகவே கருதின. சுரங்க ஊர்கள் அவ்வெண்ணை நம்பின, நம்பி வெகுண்டன. அவ்வெகுளி முப்பதாண்டுகளாகத் தன்னிடம் வைத்திருந்தது இந்த ஓர் எண்ணையே எனினும் தகும்.

2014 ஜனவரியில் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம் வெளியிட்ட அமைச்சரவைத் தாள்களுள், 1983 செப்டம்பரில் தலைமையமைச்சர் இல்லத்தில் நடந்த கூட்டத்தின் குறிப்பொன்று இருந்தது. மூன்று ஆண்டுகளில் 75 சுரங்கங்களை மூடவும் தொழிலாளர் எண்ணிக்கையை 2,02,000இலிருந்து 1,38,000 ஆகக் குறைக்கவும் மெக்கிரிகர் எண்ணியிருந்ததை அது பதிவு செய்திருந்தது. அக்கூட்டத்தில் பங்கேற்றோர் இதனை எழுத்தில் பரப்பலாகாது என்றும் முடிவு செய்திருந்தனர். கோல்ட்தோர்ப்பில் பேழை எரிந்து ஒன்பது மாதங்கள்கூட நிறைவுறவில்லை. ஆர்கிரீவ் நிகழ்வு குறித்த விசாரணையைப் பிரித்தானிய அரசு அறிவிப்பதற்கு 2025 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.